டப்பா கத்துது, சரி... நேத்து எவ்வளவு கத்துச்சு?

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல (பேரு "பாசமலர்கள்". மாத்தச் சொல்லிப் பார்த்தாச்சு, நடக்கல) சித்தப்பா ஒரு வீடியோ போட்டார்.

ஏதோ ஒரு கடற்கரை. ஒரு கை. கையில ஒரு மஞ்சள் டப்பா. டப்பா டிக்டிக்டிக்னு கத்துது. ஸ்கிரீன்ல நம்பர் ஏறுது. பின்னாடி பேய்ப்பட மியூசிக். கீழே கொட்டை எழுத்துல: ஜப்பான் அணுக்கழிவுத் தண்ணி நம்ம கடலுக்கு வந்தாச்சு, மீன் சாப்பிடாதீங்க, தெரிஞ்சவங்களுக்கெல்லாம் அனுப்புங்க.

எந்தக் கடற்கரை? தெரியாது. என்னைக்கு எடுத்தது? தெரியாது. அது என்ன மெஷின்? அதுவும் தெரியாது.

அத்தை உடனே அழுகிற பொம்மை போட்டாங்க. மாமா மட்டும் நேரா விஷயத்துக்கு வந்தார்: "அப்ப ஞாயித்துக்கிழமை வஞ்சிரம் உண்டா இல்லையா?"

இதே சித்தப்பாதான் வருஷா வருஷம் "இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர் பூமியைக் கடக்கிறது, மொபைலை ஆஃப் பண்ணுங்கள்" அனுப்புறவர். (அனுப்பிட்டு அவரே ஒரு மணிக்கு ஆன்லைன்ல இருப்பார். பார்த்திருக்கேன்.) அதனால வழக்கமா கண்டுக்காம விட்டுடுவேன்.

இந்தத் தடவை விட முடியல. ஏன்னா அந்த மாதிரி டப்பா என்கிட்டயும் ஒண்ணு இருக்கு.

கைகர் கவுன்ட்டர். கதிர்வீச்சை எண்ணுற மெஷின். ஆன்லைன்ல வாங்கினது. விலை சொல்ல மாட்டேன், வீட்ல இந்தப் பதிவைப் படிக்கிறாங்க.

முதல்ல அந்த வீடியோ கதையை முடிச்சுடறேன். ஜப்பான் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்து டாங்கிகள்ல சேர்த்து வச்ச தண்ணியை 2023 ஆகஸ்ட் 24-ல இருந்து கடல்ல விடுறாங்க. அது நிஜம். சுத்திகரிச்ச பிறகும் அதுல முக்கியமா மிச்சம் நிக்கிறது ட்ரிட்டியம். அது ஹைட்ரஜனோட அண்ணன், தண்ணியோட தண்ணியா கலந்திருக்கும், பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம். லிட்டருக்கு 1,500 பெக்கெரலுக்குக் கீழ வர்ற மாதிரி கடல் தண்ணி கலந்துதான் விடுறாங்க. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்கே சொல்ற வழிகாட்டு அளவு 10,000. இதெல்லாம் சரியா தப்பான்னு தனியா சண்டை போடலாம். ஆனா ஒரு விஷயத்துல சண்டைக்கே இடமில்ல: ட்ரிட்டியம் விடுற பீட்டா துகள் அவ்வளவு நோஞ்சான், கைகர் ட்யூபோட சுவரைக்கூட அதால தாண்ட முடியாது. லேப்ல தண்ணியை எடுத்துட்டுப் போய் வேற முறையில அளக்கணும்.

அதாவது கடற்கரையில அந்த டப்பா எதுக்காக வேணா கத்தியிருக்கலாம். ட்ரிட்டியத்துக்காக மட்டும் கத்தியிருக்க முடியாது.

அப்ப எதுக்குக் கத்துச்சு?

அங்கதான் கதையே இருக்கு.

இந்த டப்பா வாங்குற எல்லாருக்கும் முதல் ராத்திரி ஒரே அதிர்ச்சிதான். ஆன் பண்ணின உடனே "டிக்". எங்க ஹால்ல. சோபா, டிவி, துவைச்சு மடிக்காத துணிமலை, இது தவிர எதுவுமே இல்லாத ஹால்ல! மண்ணுல, செங்கல்ல, கிரானைட்ல, வானத்துல இருந்து, நம்ம உடம்புல இருக்கிற பொட்டாசியத்துல இருந்துகூட கதிர்வீச்சு வந்துக்கிட்டேதான் இருக்கு. இயற்கையா ஒரு மனுஷன் வாங்குறது உலக சராசரிக்கு வருஷம் 2.4 மில்லிசீவெர்ட். எங்க ஹால் மணிக்கு 0.12 மைக்ரோசீவெர்ட்டைச் சுத்தி ஆடிக்கிட்டிருக்கு.

"ஆடிக்கிட்டிருக்கு"ன்னு சொன்னது சும்மா இல்ல. நிமிஷத்துக்கு 20 டிக் சராசரின்னு வச்சுக்கோங்க. ஒரு நிமிஷம் 13 வரும். அடுத்த நிமிஷம் 28 வரும். நடுவுல ஒண்ணுமே நடந்திருக்காது. அணு ஒண்ணொண்ணும் தன் இஷ்டத்துக்குத்தான் சிதையும், நேரம் காலம் பார்க்காது. 13-ல இருந்து 28-ன்னா இரண்டு மடங்குக்கும் மேல! அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் வீடியோ எடுத்து மியூசிக் போட்டா பாசமலர்களுக்குப் போதும்.

அதனால நான் பத்து நிமிஷம் வச்சுத்தான் எண்ணுவேன். சந்தேகம்னா அரை மணி நேரம்.

அப்புறம் வீட்ல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல வச்சுப் பார்க்கிற வியாதி தொத்திக்கிச்சு.

வாழைப்பழம் — ஒண்ணும் இல்ல. (இன்டர்நெட் பூரா வாழைப்பழம் கதிர்வீசும்னு பெருமை. வீசும்தான். இந்த டப்பாவுக்குத் தெரியாது.)

சோடியம் குறைச்ச உப்புப் பாக்கெட் — லேசா ஏறுச்சு. அதுல பொட்டாசியம்.

பைக் நம்பர் பிளேட்ல ஒட்டின "ரேடியம்" — ஒண்ணும் இல்ல. நிம்மதியா ஓட்டுங்க.

சமையல் மேடை கிரானைட் — கொஞ்சம் ஏறுச்சு. அதைச் சத்தமா சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். வீட்ல "அப்ப மேடையை மாத்திடலாமா?"ன்னு கண்ல ஒரு வெளிச்சம்.

பாரிமுனைல வாங்கின பெட்ரோமாக்ஸ் மேன்டில் — ஐயோ! டிக் டிக் இல்ல, ஒரே கொர்ர்ர்ர். பாக்கெட்டைப் பிரிக்கக்கூட இல்ல.

"வைதேகி காத்திருந்தாள்" படத்துல கவுண்டமணி கடையில செந்தில் நசுக்கி உடைச்சாரே, அதே மேன்டில்தான். அந்த வலை தோரியம் உப்புல முக்கி எடுத்தது. சூடானா தோரியம் ஆக்ஸைடு பளீர்னு எரியும். கல்யாணம், திருவிழா, பாம்பாட்டம், கட்சிக்கூட்டம்னு நம்ம தாத்தா காலம் பூரா கதிரியக்க வெளிச்சத்துலதான் நடந்திருக்கு. (இப்ப சில கம்பெனிகள் இட்ரியம் போட்டுச் செய்றாங்க. நான் வாங்கினது பழைய ரகம்.)

இந்த மேன்டிலுக்கும் மேல சொன்ன கடற்கரை வீடியோவுக்கும் சம்பந்தம் இருக்கு. வர்றேன். அதுக்கு முன்னாடி மழை.

மழை பெஞ்சா டப்பா ஏறும். எத்தனை பேருக்கு இது தெரியும்? உலகம் பூரா நெட்ல அளவு போடுறவங்க "எங்க ஊர்ல திடீர்னு ஏறிடுச்சு, அரசாங்கம் மறைக்குது"ன்னு பதறுறதுல ஒரு பெரிய பங்கு மழைதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். மண்ணுல இருக்கிற யுரேனியத்துல இருந்து ரேடான்னு ஒரு வாயு கசிஞ்சு காத்துல கலக்குது. அது சிதைஞ்சு ஈயம்-214, பிஸ்மத்-214-ன்னு ஆகி தூசியில ஒட்டிக்கிட்டு மிதக்கும். மழை வந்து மொத்தத்தையும் கழுவிக் கீழே இறக்கிடும். ஒண்ணுக்கு அரை ஆயுள் 27 நிமிஷம், இன்னொண்ணுக்கு 20. அதனால மழை நின்னு ரெண்டு மூணு மணி நேரத்துல எல்லாம் அடங்கிடும்.

இதைப் படிச்சப்ப எனக்கு நம்பிக்கை வரல. மே மாசக் கடைசியில, கத்திரி வெயில் முடியுற சமயம், ஒரு இடிமழை வந்தது. குடை பிடிச்சுக்கிட்டு ஓடி கார் பானெட்டை ஒரு டிஷ்யூ பேப்பரால அழுத்தித் துடைச்சேன். (எதிர்வீட்டு சார் பார்த்தார். மழையில கார் துடைக்கிறவனைப் பத்தி அவர் என்ன நினைச்சார்னு எனக்குத் தெரிய வேண்டாம்.) உள்ள வந்து டிஷ்யூவை டப்பா ஜன்னல்ல ஒட்டி வச்சேன்.

சும்மா ஜிவ்வுனு ஏறுச்சு! ஹால் அளவைப் போலப் பல மடங்கு.

அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா பாதி. இன்னொரு அரை மணி நேரம், அதுல பாதி. ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது அது வெறும் ஈர டிஷ்யூ.

ஐப்பசி மழைக்கு இதே வேலையைச் செஞ்சா இவ்வளவு வேகமா ஏறல. முதல்ல துடைச்சது சரியில்லையோன்னு நினைச்சு துணி மாத்தி, இடம் மாத்தியெல்லாம் பார்த்தேன். அப்புறம் யோசிச்சா விஷயம் புரியுது. அந்த மழை கடல்ல இருந்து வர்றது. கடலுக்கு மேல ரேடான் கம்மி. வெயில்கால இடிமழை நிலத்துக் காத்தை உறிஞ்சி எடுத்துட்டு வருது. என் டப்பா பருவக்காத்தைக் கண்டுபிடிச்சிடுச்சுன்னு ஆபீஸ்ல பெருமையா சொன்னேன். யாரும் டீயைக் கீழே வைக்கக்கூட இல்ல.

இப்ப கடற்கரை.

2013 டிசம்பர்ல கலிபோர்னியாவுல ஹாஃப் மூன் பே பக்கத்துல ஒருத்தர் இதே மாதிரி டப்பாவோட மணல்ல நடந்து யூடியூப்ல வீடியோ போட்டார். நிமிஷத்துக்கு 150 எண்ணிக்கை. வழக்கத்தைவிடப் பல மடங்கு. ஃபுகுஷிமா வந்தாச்சுன்னு வீடியோ காட்டுத்தீயா பரவி, கடைசியில அதிகாரிகள் போய் மணல் எடுத்துச் சோதிச்சாங்க. கைகர் மெஷின் விக்கிற ஒரு நிபுணரும் தனியா மணலைச் சோதிச்சார். ரெண்டு பேருக்கும் ஒரே பதில்: தோரியம், ரேடியம். இயற்கையா இருக்கிற கருமணல். ஃபுகுஷிமா அடையாளமான சீசியம் இல்ல.

அங்க அந்தக் கருமணல் ஆயிரக்கணக்கான வருஷமா கிடந்திருக்கும். டப்பாவோட யாரும் அதுக்கு முன்னாடி நடந்து வீடியோ போடல, அவ்வளவுதான்.

இந்தக் கதையைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன்னா அந்த வீடியோக்காரர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்திருந்தா டப்பாவைப் போட்டுட்டு ஓடியிருப்பார்.

மணவாளக்குறிச்சி. சின்னவிளை. அந்தப் பக்கம் நாகர்கோவில்ல இருந்து பஸ் ஏறிப் போய் இறங்கினா, கடற்கரை மணல் சில இடத்துல வெள்ளை, சில இடத்துல செம்பு கலர், சில இடத்துல மை கொட்டின மாதிரி கருப்பு. அந்தக் கனமான மணலோட சேர்ந்து மோனசைட் இருக்கு. மோனசைட்டுக்குள்ள தோரியம். 1909-ல ஷோம்பெர்க்ங்கிற ஜெர்மன்காரர் திருவிதாங்கூர்ல இருந்து வந்த தேங்காய் நார்ல ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிச்சார்! அவருக்கு எதுக்குத் தோரியம்? மேன்டிலுக்கு. அப்ப ஐரோப்பா பூரா கேஸ் விளக்கு. (சொன்னேன்ல, சம்பந்தம் இருக்குன்னு.)

நான் டப்பாவோட அங்க போனேன். ரோட்டுல 0.2 பக்கம் இருந்தது. மணல்ல கால் வச்சதும் ஏற ஆரம்பிச்சது. கருப்புப் பட்டை மேல கீழே குனிஞ்சு வச்சா அலாரம் அடிச்சே தீருவேன்னு நின்னது. நாலடி தள்ளி வெள்ளை மணல்ல வச்சா பாதிக்கும் கீழ. அலை ஒரு தடவை வந்து போனா பட்டையே இடம் மாறுது, அளவும் மாறுது. வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு அண்ணாச்சி ரொம்ப நேரம் பார்த்துட்டு, "தம்பி, தங்கமா?"ன்னு கேட்டார். கதிர்வீச்சுன்னேன். "அது இங்க எப்பவும் உள்ளதுல்லா"ன்னுட்டு திரும்பவும் வலையைப் பார்க்க ஆரம்பிச்சுட்டார்.

எப்பவும் உள்ளது. நேத்தும் இருந்தது. அண்ணாச்சிகிட்ட இருந்த அந்த ஒரு தகவல் வீடியோக்காரர்கிட்ட இல்ல.

(இதை வச்சு "அப்ப மணலைத் தோண்டினா ஒண்ணும் ஆகாது"ன்னு கிளம்பிடாதீங்க. கேரளாவுல கருநாகப்பள்ளியில இதே மாதிரி மண்ணுல வாழற 69,958 பேரைச் சராசரியா பத்தரை வருஷம் தொடர்ந்து பார்த்து, 2009-ல வெளியான ஆய்வு, கதிர்வீச்சு அளவு கூடக் கூட புற்றுநோய் கூடலைன்னு சொல்லுது. சரி. ஆனா அது மணல் தரையில கிடக்கும்போது வாழ்ந்தவங்களைப் பத்தினது. தோண்டி, சலிச்சு, லாரியில ஏத்தி, தூசி கிளப்பினா அது வேற கணக்கு. மணல் எடுக்கிற திட்டத்தைப் பத்தி நம்ம கிள்ளியூர் பக்கத்து ஜனங்க கேக்கிற கேள்வி அதுதான், நியாயமான கேள்வி.)

சரி, அப்ப டப்பா தூக்கிட்டுப் போறவன் எல்லாம் பீதி கிளப்புறவன்தானா?

இல்ல. இங்கதான் படிச்சவங்க மேல எனக்குக் கோபம் வரும். "பொதுமக்களுக்கு என்ன தெரியும்"னு ஒரு உதட்டுச் சுளிப்பு.

2011 அக்டோபர். டோக்கியோ, செதகாயா வட்டாரம். ஃபுகுஷிமாவுல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி. ஊர்க்காரங்க சொந்த மெஷின் வச்சுத் தெருத்தெருவா அளந்துக்கிட்டிருந்தாங்க. ஒரு நடைபாதையில மட்டும் மணிக்கு 2.7 மைக்ரோசீவெர்ட். சுத்தி எங்கயும் அப்படி இல்ல. எல்லாரும் ஃபுகுஷிமா சாம்பல்னு நினைச்சாங்க. கழுவிப் பார்த்தாலும் குறையல. வேலிக்குப் பக்கம் போகப் போக ஏறுது. கடைசியில ஆளில்லாத ஒரு பழைய வீட்டோட தரைப் பலகைக்கு அடியில, மரப்பெட்டிக்குள்ள கண்ணாடிப் பாட்டில்கள். உள்ள ரேடியம்-226. இருட்டுல மின்னுற பெயின்ட்டுக்குப் பயன்பட்டதா இருக்கும்னு முடிவுக்கு வந்தாங்க.

ஃபுகுஷிமாவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல! பல வருஷமா குழந்தைங்க நடந்து போன தெரு. அந்த வட்டாரத்துக்காரங்க பயந்துபோய் அளக்க ஆரம்பிச்சிருக்காட்டி இன்னைக்கும் அங்கதான் இருந்திருக்கும். அவங்க நினைச்ச காரணம் தப்பு. அளந்த அளவு சரி. தெருத்தெருவா அளந்ததால்தான் அந்த ஒரு இடம் துருத்திக்கிட்டுத் தெரிஞ்சது.

ஜப்பான்காரங்க ஏன் தாங்களே அளக்கக் கிளம்பினாங்கன்னு தெரிஞ்சா இன்னும் கடுப்பாகும். அரசாங்கத்துகிட்ட ஸ்பீடின்னு ஒரு கம்ப்யூட்டர் அமைப்பு இருந்தது. காத்து எந்தப் பக்கம் அடிக்குது, கதிரியக்கம் எங்க போய் விழும்னு கணக்குப் போடும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துல ஃபுகுஷிமா உலைகள் கெட்ட பிறகும் அது கணக்குப் போட்டுக்கிட்டேதான் இருந்தது. முதல் படம் பொதுமக்களுக்கு வந்தது மார்ச் 23-ல. அதுக்குள்ள நமியேங்கிற ஊர்க்காரங்க உயிருக்குப் பயந்து ட்சுஷிமாங்கிற மலைப்பக்கம் போய்த் தங்கியிருந்தாங்க. வடமேற்கு. கதிரியக்க மேகமும் அந்தப் பக்கம்தான் போனது.

அந்தக் கோபத்துல பிறந்ததுதான் சேஃப்காஸ்ட்ங்கிற தன்னார்வலர் அமைப்பு. அப்ப கடையில கைகர் கவுன்ட்டர் ஒண்ணுகூட கிடைக்கல, உலகம் பூரா வித்துத் தீர்ந்துடுச்சு. இருக்கிற சில மெஷினை வச்சு எப்படி நாட்டையே அளக்கிறது? காருக்கு வெளியே மாட்டி, ஜிபிஎஸ் சேர்த்து, ஓட்டிக்கிட்டே இருக்கிறது! அஞ்சு செகண்டுக்கு ஒரு அளவு. பெட்டி பார்க்க ஜப்பான் மதியச் சாப்பாட்டு டப்பா மாதிரி இருந்ததால பென்டோ கைகர், சுருக்கமா பி-கைகி. இப்ப பத்து கோடிக்கும் மேல அளவுகள். எல்லாமே யார் வேணா எடுத்துக்கலாம், அனுமதி கேக்க வேண்டாம், காசு வேண்டாம்.

இவங்ககிட்ட எனக்குப் பிடிச்சது என்னன்னா, ஆபத்துன்னும் சொல்ல மாட்டாங்க, பாதுகாப்புன்னும் சொல்ல மாட்டாங்க. இந்த இடத்துல, இந்த நேரத்துல, இந்த மெஷின் இவ்வளவு காட்டுச்சு. முடிஞ்சது.

மெஷின் பேரு ஏன் முக்கியம்னா: "150 சிபிஎம்" (நிமிஷத்துக்கு 150 டிக்)னு சொன்னா அதுக்குத் தனியா அர்த்தமே கிடையாது. மழையில அண்டாவையும் டம்ளரையும் வச்சா அண்டாவுல அதிகம் சேரும், மழை ஒண்ணுதான். பி-கைகியில இருக்கிற பெரிய தட்டு ட்யூபுக்கு 150-ன்னா மணிக்கு 0.45 மைக்ரோசீவெர்ட் மாதிரி. என் டப்பாவுல இருக்கிற மாதிரி ஒல்லி ட்யூபுக்கு அதே 150, ஒண்ணு பக்கம். இந்தக் கணக்குகூட சீசியத்தை வச்சுப் போட்டது. தோரியம் மணல்னா அதுவும் குத்துமதிப்புதான். சும்மா நம்பரை மட்டும் ஸ்கிரீன்ஷாட் போடுறவங்களை பிளாக் பண்ண ஒரு பட்டன் வேணும்.

நிபுணர்களையே முழிக்க வச்ச கதை ஒண்ணு இருக்கு. எனக்குத் தூக்கம் வராத ராத்திரிகள்ல இதைப் பத்தித்தான் படிப்பேன்.

2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படை செர்னோபில் பகுதிக்குள்ள நுழையுது. அங்க தடை செய்யப்பட்ட பகுதி பூரா தானியங்கி சென்சார்கள், அளவுகள் நெட்ல வரும். உலகமே ரீஃப்ரெஷ் பண்ணிக்கிட்டிருந்த அந்த ராத்திரி, உலைக்குப் பக்கத்துல வழக்கமா மணிக்கு 3 மைக்ரோசீவெர்ட் காட்டுற ஒரு இடம் 65-க்குத் தாவுது. இருபது மடங்கு! அப்புறம் அளவு வர்றதே நின்னுபோச்சு.

உக்ரைன் அதிகாரிகள் சொன்ன காரணம்: டாங்கிகளும் லாரிகளும் பழைய மண்ணைக் கிளறி தூசி கிளப்பிடுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு. உலகத்துப் பத்திரிகை எல்லாம் அதையே எழுதிச்சு. நானும் பாசமலர்கள்ல அதையேதான் எழுதினேன்.

2023-ல விஞ்ஞானிகள் சிலர் உட்கார்ந்து கணக்குப் போட்டு, வண்டி கிளப்பின மண்ணால இவ்வளவு ஏறவே முடியாதுன்னு ஆய்வுக்கட்டுரை போட்டாங்க. சென்சார்ல இருந்து வர்ற வயர்லெஸ் சிக்னல்ல ஏதாவது குறுக்கீடு நடந்திருக்கலாம்ங்கிறது அவங்க ஊகம். அதே வருஷம் ரூபன் சாந்தமார்த்தாங்கிற கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், அந்த அளவுகளோட போக்கையே பிரிச்சுப் பார்த்து, இது இயற்பியல்ல நடக்கிற விஷயம் மாதிரியே இல்ல, யாரோ நம்பரைச் செஞ்சு விட்டிருக்கலாம்னு சொன்னார்.

யோசிச்சுப் பாருங்க. கதிர்வீச்சே ஏறாம, நம்பர் மட்டும் ஏறியிருக்கலாம்!

யார்? எதுக்கு? இன்னைக்கு வரைக்கும் முடிவான பதில் இல்ல. இவ்வளவு தூரம் சந்தேகப்படவாவது முடிஞ்சதுன்னா, அந்த சென்சார்கள் அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா சும்மா, ஒண்ணுமே நடக்காத நாள்கள்லயும் எழுதிக்கிட்டே இருந்ததுதான் காரணம். பழைய அளவு கையில இல்லாட்டி 65 பெரிசா சின்னதான்னே சொல்லியிருக்க முடியாது.

நம்ம டப்பா கண்ணுக்கே படாத சமாச்சாரமும் உண்டு. 2017 செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்துல ஐரோப்பாவுல பல நாடுகள்ல காத்துல ருதேனியம்-106. கைகர் கவுன்ட்டர் வச்சிருந்த யாருக்கும் ஒரு டிக்கூட கூடியிருக்காது, அவ்வளவு கம்மி. நாள்கணக்கா காத்தை உறிஞ்சி வடிகட்டித் தாளை லேப்ல அளக்கிற நிலையங்கள்தான் பிடிச்சது. வோல்கா நதிக்கும் உரால் மலைக்கும் நடுவுல எங்கயோ இருந்து கசிஞ்சதுன்னு பிரான்ஸ் கணக்குப் போட்டுச்சு. ரஷ்யாவோட மயாக் அணு வளாகம்தான்னு 2019-ல பெரிய ஆய்வுக்கட்டுரை வந்தது. ரஷ்யா ஒத்துக்கல. அவ்வளவுதான்.

ரஷ்யான்னதும் 2019 ஆகஸ்ட் 8. நியோனோக்ஸால ஏவுகணைச் சோதனையில வெடிப்பு. பக்கத்து செவெரோத்வின்ஸ்க் நகராட்சி தன் இணையதளத்துல "கதிர்வீச்சு கொஞ்ச நேரம் ஏறுச்சு"ன்னு போட்டுது. அப்புறம் அந்த அறிவிப்பையே காணோம்! ஜனங்க மருந்துக்கடையில அயோடின் வாங்க ஓடினாங்க. அணு ஆயுதச் சோதனைத் தடை அமைப்புக்காக ரஷ்யாவுல இருக்கிற கண்காணிப்பு நிலையங்கள் ரெண்டு அடுத்த ரெண்டு நாள்ல தரவு அனுப்புறதை நிறுத்துச்சு, அப்புறம் இன்னும் ரெண்டு. அளவு வழக்கத்தைப் போல 4 முதல் 16 மடங்கு வரை போனதுன்னு ரஷ்ய வானிலைத் துறையே பிறகு சொன்னது. முதல் நாளே அந்த அறிவிப்பை அப்படியே விட்டிருந்தா அயோடின் கடையில அவ்வளவு கூட்டம் நின்றிருக்காதுன்னு நினைக்கிறேன்.

நம்ம ஊருக்கும் இதுல பங்கு உண்டு. 2003 ஜனவரியில கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில ஆறு ஊழியர்கள் அனுமதிச்ச அளவைத் தாண்டிக் கதிர்வீச்சு வாங்கினாங்க. வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது பல மாசம் கழிச்சு. கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பத்திக் கேள்வி கேட்டு இடிந்தகரையில உட்கார்ந்தவங்கள்ல ஆயிரக்கணக்கானவங்க மேல தேசத்துரோக வழக்கு. 2019 அக்டோபர் 28, கூடங்குளம் கம்ப்யூட்டர்ல மால்வேர் புகுந்துடுச்சுன்னு ட்விட்டர்ல பேச்சு வருது. 29-ஆம் தேதி நிலையத்துல இருந்து அறிக்கை: எங்க கட்டுப்பாட்டு அமைப்பு வெளி நெட்வொர்க்கோட இணைக்கப்படாதது, தாக்குதல் சாத்தியமே இல்ல. 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம்: ஆமா, மால்வேர் இருந்தது, செப்டம்பர் 4-ஆம் தேதியே எங்களுக்குத் தகவல் வந்தது, அது நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர், உலையை இயக்குற நெட்வொர்க் தனி.

ரெண்டு அறிக்கையும் தனித்தனியா பார்த்தா பொய் இல்ல. ஆனா முதல் நாளே ரெண்டாவது அறிக்கையை விட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? அடுத்த தடவை இவங்க "ஒண்ணுமில்ல"ன்னா யாரு நம்புறது? அந்த இடைவெளியிலதான் சித்தப்பா வீடியோ நுழையுது.

ஜெர்மனியில நாடு பூரா ஏறக்குறைய 1,700 சென்சார். எந்த ஊர்ல எவ்வளவுன்னு வீட்ல உட்கார்ந்து பார்க்கலாம். நான் இங்க இருந்தே பார்க்கிறேன், மழை பெஞ்சா அங்கங்க லேசா ஏறி இறங்கும். பார்த்துப் பார்த்துப் பழகினவங்களுக்கு ஒரு நாள் நிஜமா ஏறினா வித்தியாசம் தெரியும். நம்ம நாட்லயும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தோட கண்காணிப்பு வலை நாடு பூரா இருக்கு, கூடங்குளத்துல சுற்றுச்சூழல் ஆய்வகமும் இருக்கு. இருக்கட்டும், நல்லது. எனக்கு வேண்டியது, ராதாபுரத்துல டீக்கடை நடத்துற ஒருத்தர் போனைத் திறந்து, தமிழ்ல, "நேத்து இவ்வளவு, இன்னைக்கு இவ்வளவு, மழை"ன்னு பார்க்கிற மாதிரி ஒரு பக்கம்.

அது வர்ற வரைக்கும் நாமளே செய்யலாம்னு ஒரு யோசனை. ஓவரி, இடிந்தகரை, கூட்டப்புளி பக்கம் யாராவது இதைப் படிக்கிறீங்களா? அந்தக் கடற்கரையிலயும் அங்கங்க கனமணல் திட்டு உண்டு. நாளைக்கு யாரோ ஒருத்தர் டப்பாவை அதுமேல வச்சு "கூடங்குளம் கசியுது"ன்னு வீடியோ போடுவார். அது மணலா கசிவான்னு சொல்ல, ஒண்ணும் நடக்காத இன்னைக்கு எவ்வளவுன்னு யாராவது எழுதி வச்சிருக்கணும். அதே மாதிரி நிஜமா ஏதாவது நடந்து, "இது எப்பவும் உள்ள மணல்தான்"னு யாராவது சமாளிச்சா, அதை மறுக்கவும் அதே நோட்டுதான் வேணும்.

பெரிய வேலை இல்ல. தரையில இருந்து ஒரு மீட்டர் உயரம், பத்து நிமிஷம், ஒரே இடம். தேதி, நேரம், மெஷின் பேரு, மழை உண்டா, காத்து கடல்ல இருந்தா நிலத்துல இருந்தா, கீழ மணல் என்ன கலர். இடம் மாத்தினா அதையும் எழுதணும். அலை கருமணலைக் கொண்டு வந்து போட்டிருந்தா போட்டோ எடுத்துக்கோங்க.

டப்பா இல்லாதவங்க கமென்ட்ல சொல்லுங்க, என்னோடதை ஆறு மாசத்துக்குத் தர்றேன். கூரியர் செலவு என்னுது, பேட்டரி உங்களுது. மேன்டில் பாக்கெட்டும் கூடவே வரும், மெஷின் வேலை செய்யுதான்னு பார்க்க. அதை மட்டும் யாரும் நசுக்கிப் பார்க்காதீங்க.